வந்துவிடும் என்று எழுதியவள்

கூத்தாநல்லூர்ப் பக்கம் கமருன்னிஸாவின் மளிகைக் கடைக்குப் போய்ப் பாருங்கள். பாசிப்பயறு இருக்கா என்று கேட்டால், இருந்தால் நிறுத்துத் தருவாள். இல்லாவிட்டால் "இல்ல" என்பாள். நாளைக்கு வருமா என்றால் "தெரியாது" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வந்தவர்கள் முகம் சுளித்துக்கொண்டு போவார்கள்.

போன தடவை நான் போயிருந்தபோது பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா வேம்பு, நீ அவளோட கூட்டாளிதானே, கொஞ்சம் புத்தி சொல்லக் கூடாதா? அவங்க அத்தா எப்பேர்ப்பட்ட மனுஷரு. இதுக்கு வாயத் தொறந்தா ஒரு நல்ல வார்த்தை வருதா பாரு" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெரியவராயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அவளுடைய அத்தா ஜெய்னுலாபுதீன் நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவர் கல்லாவில் இருந்த காலத்தில் அந்தக் கடையில் 'இல்லை' என்ற சொல்லே கிடையாது. சீனி தீர்ந்திருக்கும். "சீனி இருக்கா பாய்?" என்று யாராவது வருவார்கள். "வந்துகிட்டே இருக்கு, வெல்லம் கட்டவா?" என்பார். இல்லை என்று சொன்னால் கடையில் பரக்கத் என்கிற செழிப்பு நிற்காது என்பது அவர் கணக்கு. ராத்திரி கடையை மூடும்போதுகூட மூடுகிறேன் என்று சொல்ல மாட்டார். "எடுத்து வைக்கிறேன்" என்பார்.

கமருன்னிஸா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு சாயங்காலம், உப்பு கேட்டு வந்த ஒரு அம்மாவிடம் "உப்பு இல்ல" என்று சொல்லிவிட்டாளாம். அத்தா அடிக்கவில்லை, திட்டவுமில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குள் போய், அடுப்படியில் இருந்த உப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, அந்த அம்மா பின்னாலேயே தெருமுனை வரை ஓடிக் கொடுத்துவிட்டு மூச்சிரைக்க வந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கு, அதற்கப்புறம் அந்தச் சொல் தொண்டையைத் தாண்டவே இல்லை. படிப்பு முடித்து வேலைக்கு வந்தபோதும் அப்படித்தான் வந்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் திருவாரூரில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் வேலை பார்த்தோம். பெயர்ப்பலகை எல்லாம் பெரிதாக இருக்கும், உள்ளே போனால் வரிசையாகக் கம்ப்யூட்டரும் காதில் மாட்டுகிற ஹெட்போனும்தான். போனில் விளையாட்டு விற்கிற ஒரு கம்பெனிக்கு நாங்கள் தமிழில் பதில் சொல்கிறவர்கள். அந்தக் கம்பெனியின் கடைக்குக் கதவு கிடையாது, கல்லா கிடையாது, அது ஓர் ஆப். அதில் ஆட்டத்தை வாங்கி ஆடலாம். ஆடியவர்கள் கட்டினது, சேர்த்தது, பேசினது எல்லாம் கம்பெனியின் சர்வரில் இருக்கும், அவர்கள் போனில் இருக்காது. சர்வர் படுத்தால் கடையும் படுத்துவிடும். உடனே ராமநாதபுரத்திலிருந்தும் ஓசூரிலிருந்தும் எங்களைக் கூப்பிட்டுக் கிழிப்பார்கள்.

படுக்கும்போதெல்லாம் ஆப்பில் ஓர் அறிவிப்புப் போட வேண்டும். மேலிடத்திலிருந்து இங்கிலீஷில் வரும், நாங்கள் தமிழாக்க வேண்டும். முன்பு இருந்தவர்கள் எழுதினதைப் படித்தால் தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கும். கமருன்னிஸா வந்து எழுதினாள்: "ஒரு சின்னத் தடங்கல். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், வந்துவிடும்." அவ்வளவுதான். திட்டுகிற அழைப்புகள் பாதியாகக் குறைந்துவிட்டன. மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். இனிமேல் எல்லா அறிவிப்பையும் இந்தப் பொண்ணே எழுதட்டும் என்றார்.

"உங்க அத்தா கடையத் தூக்கிட்டு வந்து இங்க வச்சுட்ட போ" என்று நான் கேலி பண்ணுவேன்.

"போடி. நாம சொல்ற சொல்லுல ஒருத்தர் வயிறு எரியக் கூடாது, அவ்வளவுதான்" என்பாள்.

அப்போது அதில் தப்பும் இல்லை. வந்துவிடும் என்று எழுதுவாள், சொன்னபடி வந்தும்விடும். ஜனங்களும் பழகிப் போனார்கள். அவளுடைய எழுத்தைத் திரையில் பார்த்தால், சரி வந்துடும் என்று போனைக் கீழே வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். அந்தப் பழக்கம்தான் பிறகு குழி பறித்தது.

திருப்பனந்தாளுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கிராமத்தில் வைரக்கண்ணு என்று ஒருவர். கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், பிறகு குத்தகைக்கு நிலம் பிடித்து விவசாயம் பார்த்தார். மனைவி பிரகதாம்பாள். ஒரே மகன் புகழேந்தி, படித்துவிட்டுச் சென்னையில் வேலையில் இருந்தான். எங்கள் கடையில் ஊர் கட்டுகிற ஆட்டம் ஒன்று உண்டு. ஆளுக்கொரு வீடு கட்டிக்கொள்ளலாம், வாசலில் நம் குரலைப் பதிந்து வைக்கலாம், வருகிறவர்கள் கதவைத் தொட்டால் அது பேசும். புகழேந்தி அதில் ஒரு வீடு கட்டி, அம்மாவுக்கும் அவள் போனிலேயே அங்கே போக வழி பண்ணிக் கொடுத்திருந்தான். பிரகதாம்பாள் கதவைத் தொட்டால், "யாரு, எங்கம்மாவா? சேத்துக் காலோட வராத, கழுவிட்டு உள்ள வா" என்று அவன் குரல் கேட்கும். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரிக்குமாம்.

அந்தப் பையன் ஊருக்கு வரும் வழியில் பஸ் விபத்தில் போய்விட்டான். அவன் போனும் அதோடு நசுங்கிப் போயிற்று. அம்மாவும் பிள்ளையும் தினமும் போனில் பேசிக்கொண்டவர்கள்தான், ஆனால் யார் பேச்சைப் பதிந்து வைத்தார்கள்? சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ எதிலும் அவன் பேசவில்லை, மொய் எழுதுகிற இடத்தில் தலை மட்டும் தெரிகிறான். அவன் குரல் மிச்சம் இருந்தது அந்த ஆட்டத்து வாசலில் மட்டும்தான். அந்த அம்மா தினமும் விளக்கேற்றிவிட்டு அங்கே போய்க் கதவைத் தொடும். இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் நடந்தது என்ன என்பது அப்போதுதான் உறைக்கும்.

பழைய ஆட்டங்கள் சிலவற்றை அடியோடு நிறுத்திவிடுவது என்று மேலிடம் முடிவு பண்ணியது. ஊர் கட்டுகிற ஆட்டமும் அதில் ஒன்று. வந்த இங்கிலீஷ் அறிவிப்பு வழவழவென்று நீளமாக இருந்தாலும், விஷயம் அதில் இருந்தது. இன்ன தேதியோடு நிற்கும். அதற்குள் அவரவர் சேமித்ததைத் தங்கள் போனில் இறக்கிக்கொள்ள வேண்டும். தேதி தாண்டினால் அழிந்துவிடும், திரும்பக் கிடைக்காது.

கமருன்னிஸா அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் எழுதினாள்: "உங்கள் அன்புக்குரிய சில ஆட்டங்கள் சற்று ஓய்வெடுக்கப் போகின்றன. விருப்பமுள்ளவர்கள் தங்கள் சேமிப்பை எடுத்து வைத்துக்கொள்ளலாம். விரைவில் சந்திப்போம்." தேதி அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. அழிந்துவிடும் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை.

"ஏன்டி, மூடுறாங்கன்னு போட வேண்டியதுதானே?" என்றேன்.

"மூடுறோம், அழிச்சுடுவோம்னு எப்படிடி எழுதுறது? எழுதவே கை வரல. தேதி போட்டிருக்கேன்ல, பார்த்துக்குவாங்க."

"ஓய்வாம், ஓய்வு. பென்ஷன் வாங்கப் போவுதா அது?" என்று கத்தினேன். மேனேஜர் அதைப் படித்துவிட்டுப் பிரமாதம் என்று ஒப்புதல் கொடுத்துவிட்டார். அவருக்கு வேண்டியது திட்டு வராமல் இருப்பது, அவ்வளவுதான்.

நிறுத்துவதற்கு முன்னால் சர்வரை அவ்வப்போது அணைத்து அணைத்துப் பார்த்தார்கள். அப்படி ஒரு நாள் படுத்திருந்தபோதுதான் வைரக்கண்ணு கூப்பிட்டார். கமருன்னிஸாதான் எடுத்தாள். நான் பக்கத்து சீட்.

"ஏம்மா, இந்த ஊர் கட்டுற ஆட்டம் தொறக்க மாட்டேங்குதே. என்னமோ ஓய்வுன்னு வேற போட்டிருக்கு. நிறுத்திப்புடுவாங்களா?"

"கவலைப்படாதீங்க ஐயா. சின்னத் தடங்கல்தான், சாயங்காலத்துக்குள்ள வந்துடும்."

"வந்துடும்ல?"

"வந்துடும் ஐயா."

அன்று சாயங்காலம் வந்தும்விட்டது. அவள் பொய் சொல்லவில்லை. கேட்ட தடங்கலுக்குப் பதில் சொன்னாள். ஆனால் அந்த மனுஷர் நிறுத்திவிடுவார்களா என்று வாய்விட்டுக் கேட்டார். ஆமாம் ஐயா, இந்த மாதத்தோடு சரி, இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றைக் கூப்பிட்டு அவர் அன்றைக்கே எடுத்து வைத்திருப்பார். அந்த ஒரு வாக்கியம் அவள் தொண்டையில் அந்த உப்புப் பொட்டலத்தோடு சிக்கிக்கொண்டு நின்றது.

தேதி வந்தது. நிறுத்தினார்கள். அதற்கப்புறம் வைரக்கண்ணு தினமும் கூப்பிட்டார். முதலில், "அந்தத் தங்கச்சிகிட்டக் குடுங்க, அதுதான் சரியாச் சொல்லும்" என்பார். கமருன்னிஸா, "பார்க்கச் சொல்லியிருக்கேன் ஐயா" என்பாள். அடுத்த நாளும் அதேதான். பாவி, அப்போதும் சொல்லவில்லை. ஒரு நாள் அவர் குரல் உடைந்துபோய், "எம் மவன் கொரலு அதுல இருக்கு தாயி. அவன் இல்ல இப்ப. வீட்ல அவ சோறு திங்க மாட்டேங்குறா, கொஞ்சம் சீக்கிரம் பாக்கச் சொல்லேன்" என்றார்.

கமருன்னிஸா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். மேலிடத்துக்கு எழுதினாள், போன் பண்ணினாள், யார் யாரிடமோ கெஞ்சினாள். சர்வரைத் துடைத்தாகிவிட்டது, எதுவும் மிச்சமில்லை என்று பதில் வந்துவிட்டது. "நாங்கள்தான் முன்கூட்டியே அறிவித்தோமே" என்று அதில் ஒரு வரி வேறு. யார் எழுதிய அறிவிப்பு அது!

"போன்ல சொல்ல மாட்டேன் வேம்பு. நேர்ல போய்ச் சொல்லணும். நீயும் வாடி" என்றாள்.

போய்வந்த கதைக்கு முன்னால் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அந்த வீட்டில் நடந்ததைச் சொன்னபிறகு எனக்கு வேறெதுவும் சொல்ல வராது. திரும்பி வந்தபின் சர்வர் ஒரு தடவை படுத்தது. கமருன்னிஸா எழுதினாள்: "கடை வேலை செய்யவில்லை. காரணம் இன்னும் தெரியவில்லை. எப்போது வரும் என்று எங்களால் சொல்ல முடியாது. தெரிந்ததும் இங்கேயே சொல்கிறோம்." மேனேஜர் குதித்தார். இப்படி எழுதினால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள், பழையபடி இனிப்பாக எழுது என்றார். அவள் மாட்டேன் என்றாள். நானும் அவளுக்காகச் சண்டை போட்டேன். எங்கே கேட்டார்கள்? அவள் வேலையை விட்டுவிட்டு அத்தா கடையில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஜெய்னுலாபுதீன் மகள் 'இல்ல' என்று சொல்வதைக் கேட்டு முதலில் தவித்துப் போனார். இப்போது அவர் கடைப் பக்கமே அதிகம் வருவதில்லை.

நாங்கள் அந்தக் கிராமத்துக்குப் போனது மாசி மாதம். கும்பகோணத்தில் பஸ் மாறித் திருப்பனந்தாளில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் போனோம். மேட்டூர் அணையை மூடியாகிவிட்டிருந்தது, வாய்க்காலில் தண்ணீர் இல்லை. சம்பா அறுத்த தாளுக்குள் உளுந்து மட்டும் கொஞ்சம் பச்சையாக நின்றது.

வருகிறோம் என்று போனில் சொல்லியிருந்ததால் வைரக்கண்ணு வேலிப்படலுக்கு வெளியிலேயே காத்திருந்தார். ஒல்லியான மனிதர், சட்டையைப் புதிதாக எடுத்துப் போட்டிருந்தார். "அந்தத் தங்கச்சியா? வாங்க வாங்க" என்று கைகூப்பினார். கமருன்னிஸா அங்கேயே, ரோட்டில் நின்றபடியே சொல்லிவிட்டாள்.

"ஐயா, அது இனிமே வராதுங்க. எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க. அன்னிக்கு நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரியும். நான் சொல்லல."

அவர் வாய்க்கால் பக்கம் திரும்பினார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மேட்டூர மூடுறப்ப தேதி சொல்லித்தானம்மா மூடுறான். இன்னையோட தண்ணி கெடையாதுன்னு சொல்லிப்புடுறான். வயிறு எரியத்தான் செய்யும். ஆனா கடைசித் தண்ணியப் பாய்ச்சிக்குவோம்ல?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி, போனது போச்சு. ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்க. அவகிட்ட இதச் சொல்லிப்புடாதீங்க. ரிப்பேர் பண்ணத்தான் ஆபீஸ்லேருந்து வராங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். இன்னைக்குத்தான் காலைல ரெண்டு இட்லி தின்னுருக்கா. வந்துடும்னே சொல்லிட்டுப் போயிடுங்க."

கமருன்னிஸா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

உள்ளே போனோம். பிரகதாம்பாள் தரையைக் கூட்டி, எங்களுக்கு நாற்காலி போட்டுத் துடைத்து வைத்திருந்தார். சுவரோரம் ஸ்டூலின் மேல் அந்தப் போன், சார்ஜரில் மாட்டியபடி இருந்தது. அதற்குக் கீழே ஒரு துண்டை மடித்து விரித்திருந்தார்.

"வாம்மா, உக்காருங்க. சார்ஜு நூறு இருக்குது பாருங்க. வேலை பாக்கறப்ப நின்னுடக் கூடாதுன்னு நேத்துலேருந்தே சொருகி வச்சிருக்கேன்" என்றார். மோர் கொண்டுவந்து கொடுத்தார். முகத்தில் அப்படி ஓர் ஆசை.

போனைத் தானே எடுத்து ஆட்டத்தைத் தொட்டுக் காட்டினார். திரையில் கமருன்னிஸா எழுதிய அறிவிப்பு அப்படியே நின்றது. "தெனமும் இவர வாசிக்கச் சொல்லிக் கேப்பேன்மா. சற்று ஓய்வு, விரைவில் சந்திப்போம்னு போட்டிருக்குல்ல. எழுதுனவங்க யாரோ, நல்ல மனசுக்காரங்க. அதக் கேட்டாத்தான் எனக்கு ஒரு தெம்பு வருது."

வைரக்கண்ணு வாசற்படியில் நின்று கமருன்னிஸாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடு, வந்துடும்னு சொல்லிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவளுக்கா அது வராது? பிறந்ததிலிருந்து பழகின வார்த்தை. சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம்.

"அம்மா" என்றாள். "இத எழுதுனது நான்தான். இது பொய்மா. இனிமே வராது."

பிரகதாம்பாள் புரியாத மாதிரி சிரித்தார். "வீடு?"

"இல்லம்மா."

"சரி, வீடு போவட்டும். அவன் பேசுவானே, வாசல்ல?"

"இல்லம்மா. அதுவும் இல்ல."

அந்த அம்மா அழவில்லை. போனைப் பார்த்தார், கமருன்னிஸாவைப் பார்த்தார், பிறகு நிதானமாகச் சொன்னார்: "சொல்ல வேண்டிய அன்னிக்குச் சொல்லல. இன்னிக்காவது நீ சொல்லாம இருந்திருக்கலாம்லம்மா."

கமருன்னிஸா எழுந்தாள். புறப்படும்போது போயிட்டு வரேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாவும் வா என்று சொல்லவில்லை. நாங்கள் படியிறங்கும்போது நான் திரும்பிப் பார்த்தேன். பிரகதாம்பாள் சுவரிலிருந்து சார்ஜரைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றி, அந்தத் துண்டிலேயே வைத்து மடித்துக்கொண்டிருந்தார்.